கால்வாய் மந்திரி

"என்னைத் திருப்பி அனுப்பின மந்திரி இண்டைக்கு என்ர பஸ்ஸில ஏறினவர்" என்றார் சிறிதரன்.

மிருணாளினி அவருடைய தட்டில் புட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஆர், லண்டன் மந்திரியோ?"

"ஓம். மெல்வின் கோல்பேர்ன். பேரும் அதுதான், முகமும் அதுதான். பல்லு மட்டும் புதுசு."

"பிறகு?"

"பிறகென்ன, சீற் பெல்ற்றைப் போட்டுவிட்டனான். அந்தாளுக்குக் கை நடுங்குது."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்லுறது? டொக்டரிட்ட நேரத்துக்கு இறக்கவேணும். அந்தக் கத்தரிக்காய்க் கறியை இஞ்சால தள்ளும்."

அவ்வளவுதான். அவர் புட்டைப் பிசைந்து சாப்பிட்டார். அவளுக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த பஸ் நகரசபையுடையது. தனியே இருக்கும் வயோதிபர்களைப் புதன்கிழமைகளில் டொக்டரிடமும் கடைக்கும் நூலகத்துக்கும் ஏற்றி இறக்கும் சின்ன பஸ். ஓட்டுவது தொண்டர்கள். சம்பளம் கிடையாது, ஒரு தொப்பி கொடுத்தார்கள். சிறிதரன் வேலை செய்த கணக்கியல் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவர் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிட்னியில் ஹோம்புஷ்ஷையும் சுற்று வட்டாரத்தையும் புதன்கிழமை தோறும் வலம் வந்தார். கோல்பேர்னுக்கு முழங்கால் மடியாது. பின் ஆசனங்களுக்கு ஏற முடியாததால் சாரதிக்குப் பக்கத்தில், இடப்பக்கத்து ஆசனத்தில் இருத்திவிட்டார்கள்.

சிறிதரன் லண்டன் போனபோது இருபத்துநாலு வயது. எண்பதுகளின் பின்பாதி. விமான நிலையத்திலேயே அகதி என்று அடைக்கலம் கேட்டார். ஒரு தடுப்பு மையத்தில் வைத்தார்கள். அங்கே பொது அறையில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. குடிவரவு மந்திரி அதில் அடிக்கடி வருவார். ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாக, மிகுந்த கவனத்தோடு பரிசீலிக்கப்படுகிறது என்று சொல்வார். பிறகு சிறிதரனுக்கு ஒரு கடிதம் வந்தது. நாடு திரும்பினால் அவருக்கு ஆபத்து ஒன்றுமில்லை என்று மந்திரி திருப்தி அடைந்திருக்கிறார் என்று அதில் இருந்தது. கையில் விலங்கோடு விமானத்தில் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கிய அன்றே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கில் ஒரு முகாமில் வைத்து ஒருவன் அவருடைய கன்னத்தையும் காதையும் சேர்த்து அறைந்தான். ஒரு நாள் அல்ல, பல நாள். அறைந்தவன் வலக்கைக்காரன். அதனால் போனது இடது காது.

வெளியே வந்து, அவுஸ்திரேலியாவுக்கு வந்து, ஊரில் பேசிய பெண்ணைக் கூப்பிட்டுக் கலியாணம் செய்தார். மனைவி இடப்பக்கம் இருக்கவேண்டும் என்பது சாஸ்திரம். மிருணாளினி மணவறையில் மட்டும்தான் இடப்பக்கம் இருந்தாள். அதற்குப் பிறகு முப்பது வருடமும் கோவிலில், காரில் பின் ஆசனத்தில், படுக்கையில் எல்லாம் வலப்பக்கம். காது எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் சின்ன வயதில் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு வந்தது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். மகள் தர்ஷனாவுக்கும் அதையே சொல்லியிருந்தார்கள்.

ஆகவே அடுத்த புதன்கிழமை அவர் வீட்டுக்கு வந்ததும் மிருணாளினி கேட்ட முதல் கேள்விக்குப் பெரிய பதில் கிடைக்கவில்லை.

"அந்தாள் என்ன கதைச்சவர்?"

"ஆருக்குத் தெரியும்? நல்லாக் கதைச்சவர். பஸ் இரைச்சலுக்குள்ள இந்தப் பக்கத்தால எனக்கென்ன கேக்கும்? பார்க்கிங்கில எஞ்சினை நிப்பாட்ட, 'ஆகவே கால்வாய்களுக்கு வாக்குரிமை இல்லை' எண்டு முடிச்சவர்."

"கால்வாயோ?"

"கால்வாய்தான்."

மிருணாளினி அப்போது நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளையில் கணினியில் அவருடைய பெயரைத் தட்டிப் பார்த்தாள். ஆளின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தது. இங்கிலாந்தின் கிழக்கே ஒரு சந்தை நகரத்தில் இறைச்சிக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். உதவிப் பணத்தில் படித்துச் சட்டத்தரணியானார். இரண்டு தேர்தல்களில் தோற்று மூன்றாவதில் வென்றார். மீன்பிடித் துறையில் துணை மந்திரி. அங்கே ஒரு மீன் தகராறைத் தீர்த்துவைத்தார் என்று நாலு பந்தி. பிறகு உள்நாட்டு நீர்வழிகளுக்குப் பொறுப்பு. பாழடைந்த கால்வாய்களைத் திருத்தித் திரும்பப் படகு விட்டார் என்று எட்டுப் பந்தி. பிறகு தேர்தலில் தோல்வி, இரண்டு விவாகரத்து, ஒரு வானொலி நிகழ்ச்சி. மகள் சிட்னியில் ஒரு பல் வைத்தியரைக் கட்டியதால் கடைசிக் காலத்துக்கு இங்கே வந்திருந்தார். மீனுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு வரி: சிறிது காலம் குடிவரவுத் துறையிலும் கடமையாற்றினார்.

மிருணாளினி அந்த வரியைப் படித்துவிட்டுக் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள்.

"நீங்கள் ஒருநாளைக்கு அவருக்குச் சொல்லத்தானே வேணும்" என்று ஒருமுறை வற்புறுத்தினாள்.

"சொன்னால் அந்தாள் வெக்கத்தில பஸ்ஸுக்கு வராது. மகள் வேலைக்குப் போறவ. பிறகு மருந்துக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"உங்களுக்குக் கோவமில்லையோ?"

சிறிதரன் யோசித்தார். "இருக்கு. ஆனால் புதன்கிழமையில நேரமில்லை."

இப்படியே இரண்டு வருடம் போனது. அவர் பேசினார், இவர் ஓட்டினார். பிறகு சிறிதரன், தை மாதத்துக் கோடை வெயிலில் ஒரு கடை வாசலில் இரண்டு கையிலும் பை இருக்கும்போது நெஞ்சைப் பிடிக்கக்கூட நேரமில்லாமல் விழுந்து இறந்துபோனார். பைகளில் ஒன்று உடையவில்லை. அதிலிருந்த முட்டைகளைப் பொலிஸ்காரர் மிருணாளினியிடம் பத்திரமாகக் கொடுத்தார்.

தகனத்துக்குக் கோல்பேர்ன் வந்திருந்தார். கறுப்புக் கோட்டோடு கடைசி வரிசையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரரைப் பிரஷாந்தன்தான் முதலில் கண்டுபிடித்தான். பிரஷாந்தன் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். யாருடைய வீட்டில் மரணம் நடந்தாலும் அறிவித்தல், மண்டபம், கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் எல்லாம் அவன் பொறுப்பு. கூலி வாங்கமாட்டான். மைக் மட்டும் அவனிடம் இருக்கவேண்டும்.

"அன்ரி, அவர் பிரித்தானியாவில மந்திரியா இருந்தவராம்" என்றான் மூச்சு வாங்க. "அங்கிளுக்கு இவ்வளவு பெரிய பழக்கம் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போச்சு. முப்பத்தோராம் நாள் அஞ்சலி உரைக்குக் கேட்டிட்டன். சேர் ஓம் எண்டிட்டார்."

கோல்பேர்னுக்கு இங்கிலாந்து அரண்மனை தரும் சேர் பட்டம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் பல வருடம் காத்திருந்தார் என்று அந்த இணையப் பக்கத்தில் இருந்தது. இங்கே எல்லாத் தமிழரும் வந்து கையைப் பிடித்து சேர் என்றார்கள். அவர் திருத்தவில்லை.

அறிவித்தல் அன்று மாலையே எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் போய்விட்டது. ஏழாலையைப் பிறப்பிடமாகவும் சிட்னி ஹோம்புஷ்ஷை வதிவிடமாகவும் கொண்ட அமரர் சிறிதரன் என்று தொடங்கி, யாருக்கு மகன், யாருக்கு மருமகன், யாருக்கு மைத்துனன் என்று சொல்லி, அடியில் தடித்த எழுத்தில், அஞ்சலி உரை: பிரித்தானியாவின் முன்னாள் அமைச்சர் சேர் மெல்வின் கோல்பேர்ன்.

ஒரு கிழமை கழித்துப் பிரஷாந்தன் கல்வெட்டின் அச்சுப்படியைக் கொண்டுவந்தான். அட்டையில் சிறிதரனின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. மிருணாளினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"தம்பி, இதில ஒரு வரி பிழை."

"எது அன்ரி? திகதியோ?"

"'உயர்கல்வியின் பொருட்டு லண்டன் சென்ற அன்னார், தாய்நாட்டின்மேல் கொண்ட பற்றினால் மீண்டும் தாயகம் திரும்பினார்.' பற்றால திரும்பேல்ல. விலங்கு போட்டு ஏத்தி விட்டவங்கள்."

பிரஷாந்தன் தொண்டையைச் செருமினான். "தெரியும் அன்ரி. என்ர அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் கல்வெட்டில அப்பிடிப் போடுற வழக்கமில்லை."

"பின்ன என்ன வழக்கம்?"

"கல்வெட்டில ஒருத்தரும் சோதினை பெயிலாகிறேல்ல, ஒருத்தரும் மறியலில அடைபடுறேல்ல. போன வருசம் குடிச்சுக் குடிச்சுச் செத்தவரை 'எல்லோரோடும் இனிமையாகப் பழகும் சுபாவம் உடையவர்' எண்டு போட்டனாங்கள். உங்களுக்கு ஆரெண்டு தெரியும்."

தெரியும். மிருணாளினி அந்தக் கல்வெட்டைப் படித்துக் கண்கலங்கியிருக்கிறாள்.

"பிறகு தர்ஷனாவுக்கும் நாளைக்கு ஒரு இடத்தில கலியாணம் பேசவேணும். தகப்பன் டிப்போர்ட் ஆன ஆள் எண்டு எழுத்தில கிடந்தால் வடிவில்லை. சனம் எப்பிடிக் கதைக்கும் எண்டு தெரியுந்தானே."

மிருணாளினி விரலை எடுத்தாள். அவன் அச்சுப்படியை மடித்துக்கொண்டு போனான்.

அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அழவும் தேவையில்லை, நியாயம் கேட்கவும் தேவையில்லை. செத்துப்போன மனிதருக்கு நடந்ததை ஒரே ஒருமுறை, தெரிந்த முகங்களுக்கு முன்னால், யாராவது உரத்துச் சொல்லவேண்டும். தானே எழும்பிச் சொன்னால் துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று கையைப் பிடித்து இருத்திவிடுவார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அந்த நிலையில்தான் கோல்பேர்ன் தொலைபேசியில் கூப்பிட்டார். உரைக்குச் சில விபரங்கள் வேண்டும், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார்.

வாடகைக் காரில் வந்தார். கடையில் வாங்கிய எலுமிச்சைக் கேக் ஒன்றைக் கொண்டுவந்தார். சிறிதரனின் கதிரையைத் தவிர வேறு எல்லாக் கதிரையையும் மிருணாளினி காட்டினாள். அவர் நேராகப் போய் அதிலேயே இருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, எழுதியதைத் தன் நாட்டு ஆங்கிலத்தில் வாசித்தார்.

"'திரு. சிறிதரனைப் போல் செவிமடுத்த ஒருவரை நான் கண்டதில்லை. பாராளுமன்றத்தில் இருபது வருடம் பேசினேன், ஒருவரும் கேட்கவில்லை. அவர் இரண்டு வருடம் கேட்டார். ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை.' இது பொருத்தமாக இருக்குமா?"

"அவருக்கு இடது காது கேட்காது" என்றாள் மிருணாளினி. நூலகத்தில் பேசிப் பழகிய மெதுவான ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

கோல்பேர்ன் அட்டையைப் பார்த்தார். "கொஞ்சமும் கேட்காதா?"

"பஸ் ஓடும்போது கொஞ்சமும்."

"நான் இடப்பக்கம் இருந்தேன்."

"ஆம்."

"கால்வாய்களைப் பற்றிச் சொன்னவை?"

"கேட்டிருக்காது."

"அந்த மீன் தகராறு?"

"அதுவும்."

"சில இடங்களில் சிரித்தாரே."

"நீங்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார். நல்ல வளர்ப்பு."

அவர் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். வெளியே நகரத்துக்குப் போகும் ரயில் ஒன்று கடந்தது. ஜன்னல் கண்ணாடி வழக்கம்போல் அதிர்ந்து நின்றது.

"காதில் என்ன கோளாறு?" என்று கேட்டார், மரியாதைக்கு.

கூகைக்கட்டு என்ற பதில் வாயில் தயாராக இருந்தது. மிருணாளினி குசினிக்குப் போய்த் தேநீரை ஊற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பிறகு எதிரே இருந்து சொன்னாள். லண்டன், தடுப்பு மையம், தொலைக்காட்சி, கடிதம், விமானம், முகாம், வலக்கைக்காரன், பிறகு பஸ், சீற் பெல்ற். பேருந்து நேர அட்டவணை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். நடுவில் குரல் ஒரு தடவை மட்டும் இடறியது. அது வலக்கைக்காரனில் அல்ல, சீற் பெல்ற்றில்.

கோல்பேர்ன் வருடத்தைக் கேட்டார். சொன்னாள். மாதத்தைக் கேட்டார். அதையும் சொன்னாள்.

"அப்போது நான்தான்" என்றார்.

"உங்களுக்கு அவரை ஞாபகம் இருக்கிறதா? பெயரையாவது?"

முகத்தில் ஒரு நல்ல பாவம் வந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் மென்மையானது. சிறிதரன் சொன்ன தொலைக்காட்சி முகம் இதுதான் என்று மிருணாளினிக்கு உடனே தெரிந்தது. வாய் திறந்தது. பிறகு மூடியது. பாவம் முகத்தை விட்டுப் போய்விட்டது, அதற்குப் பின்னால் ஒரு கிழவர் மட்டும் இருந்தார்.

"இல்லை. ஞாபகம் இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் உன்னியது. பழக்கதோஷம். ஒரு ஞாபகமும் இல்லை. அலுவலர்கள் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் உள்ளே படிப்பதில்லை."

"சரி" என்றாள் மிருணாளினி. அவளுக்கு ஏனோ கொஞ்சம் இலேசாக இருந்தது.

"அவருக்குத் தெரியுமா, நான் யார் என்று?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீங்கள் பஸ்ஸுக்கு வரமாட்டீர்கள், மருந்துக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்றார்."

கோல்பேர்ன் தேநீரைக் குடித்தார். அது ஆறியிருந்தது. முழுவதையும் குடித்தார். பிறகு, "நான் பேசாமல் இருப்பதுதான் நாகரிகம். திரு. பிரஷாந்தனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

"அறிவித்தல் போய்விட்டது. மெல்பேர்ன் வரைக்கும்."

"நான் என்னத்தைப் பேசுவது?"

"எனக்குத் தெரியாது" என்றாள் மிருணாளினி. "அது உங்களுடைய தொழில். கேக் வெட்டட்டுமா?"

முப்பத்தோராம் நாள் காலையில் ஐயர் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து, பூசணிக்காயும் அரிசியும் தட்சணையும் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் சிறிதரனின் பெரிய படம், மாலை, குத்துவிளக்கு. குசினிப் பக்கமிருந்து பருப்பு தாளித்த வாசம் வந்தது. வாசலில் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்வெட்டும் ஒரு சில்வர் டப்பாவும் கொடுத்தார்கள். கோல்பேர்னுக்கும் கொடுத்தார்கள். அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. திரும்ப மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

தர்ஷனா மெல்பேர்னின் பொயிண்ட் குக்கிலிருந்து வந்திருந்தாள். அங்கே மருந்தகத்தில் வேலை. தாயின் பக்கத்தில் இருந்து கல்வெட்டைப் புரட்டினாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"உயர்கல்வி. அப்பா லண்டனில என்ன படிச்சவர்? யூ நெவர் டோல்ட் மீ."

"கொஞ்சம் பொறு" என்றாள் மிருணாளினி.

மைத்துனர் பேசினார். சிறிதரனோடு படித்தவர் ஒருவர் பேசினார், பாதிக்கு மேல் தன்னைப் பற்றி. பிறகு பிரஷாந்தன் மைக்கைப் பிடித்து, இதுவரை நம்முடைய மண்டபம் காணாத பெருமை என்று தொடங்கி, சேரை மேடைக்கு அழைத்தான். சேர் ஆங்கிலத்தில் பேசுவார் என்றும் பெரியவர்களின் வசதிக்காகத் தான் மொழிபெயர்ப்பதாகவும் சொன்னான்.

கோல்பேர்ன் மேடை ஏற நேரம் எடுத்தது. கையில் அட்டை இல்லை. டப்பா இருந்தது. அதை மேசையில் வைத்தார்.

"திரு. சிறிதரனை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன்" என்றார். "அவர் என்னைப் புதன்கிழமைகளில் வைத்தியரிடம் கொண்டுபோனார். எனக்கு சீற் பெல்ற் போட்டுவிடுவார். உண்மையில் அவருக்கு என்னை நீண்ட காலமாகத் தெரியும். அவர் இளைஞராக லண்டனுக்கு வந்து அடைக்கலம் கேட்டபோது நான் குடிவரவு மந்திரி. அவரைத் திருப்பி அனுப்பிய முடிவு என்னுடைய பெயரில் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கவனமாகப் பார்க்கிறோம் என்று தொலைக்காட்சியில் சொன்னேன். அவருடையதை நான் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் போனதும் அவரை அடைத்துவைத்து அடித்தார்கள். அவருடைய இடது காது அங்கேதான் போனது. இரண்டு வருடமாக அந்தக் காதுக்குள்தான் நான் என் சாதனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இதை மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. யாரிடம் கேட்கவேண்டுமோ அவர் இன்று இல்லை. நடந்தது இது என்று சொல்லவேண்டியிருந்தது. நன்றி."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் நன்றாகவே தெரியும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையிலிருந்த கல்வெட்டைப் பார்த்தார்கள். தர்ஷனாவின் கை தாயின் முழங்கையைப் பிடித்தது.

பிரஷாந்தன் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். நெற்றி வேர்த்திருந்தது. ஆனால் வழக்கம் அவனைக் கைவிடவில்லை.

"சேர் அவர்கள் என்ன சொல்லுறார் எண்டால், அமரர் சிறிதரன் அவர்களை லண்டனில இருந்த காலத்திலேயே தனக்குத் தெரியும், தான் அமைச்சராக இருந்தபோது அன்னாருடைய விஷயத்தில நேரடியாகவே சம்பந்தப்பட்டிருந்தவர். அன்னார் தாயகம் திரும்பினபிறகு பட்ட துன்பங்களையும் நினைவுகூருகிறார். கடல் கடந்தும் அந்தத் தொடர்பு விட்டுப்போகாமல் சிட்னி வரைக்கும் வந்தது ஒரு பூர்வஜென்ம பந்தம் எண்டு நெகிழ்ந்து குறிப்பிடுகிறார்."

அந்தியேட்டியில் கைதட்டும் வழக்கம் இல்லை. ஆனாலும் முன்வரிசையில் யாரோ தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

கோல்பேர்ன் டப்பாவோடு மேடையில் நின்று அந்தக் கைதட்டலைப் பார்த்தார். வாழ்நாளில் அவருக்கு இவ்வளவு விளங்காத கைதட்டல் கிடைத்திருக்காது. தட்டுத்தடுமாறி இறங்கி வந்து மிருணாளினிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"அவர்கள் ஏன் தட்டுகிறார்கள்?" என்று தர்ஷனாவிடம் கேட்டார்.

தர்ஷனா கல்வெட்டை மூடினாள். தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, கூகைக்கட்டு?"

"இல்லை" என்றாள் மிருணாளினி.

அடுத்தது நன்றி நவிலல். குடும்பத்தின் சார்பில் தர்ஷனா வாசிப்பதாக ஏற்பாடு. பிரஷாந்தன் எழுதிக் கொடுத்த தாள் அவள் மடியில் இருந்தது. மிருணாளினி எழும்பினாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் பிரஷாந்தனிடம் கையை நீட்டினாள். அவன் மைக்கை விடவில்லை.

"அன்ரி, நீங்கள் இருங்கோ. தங்கச்சி வாசிப்பா."

"தாரும் தம்பி. நன்றி சொல்லத்தான்."

நன்றி சொல்வதை யாரும் தடுக்க முடியாது. கொடுத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "மண்டபம் பிடிச்சது, கல்வெட்டு அடிச்சது, ஐயரைக் கூட்டிவந்தது எல்லாம் பிரஷாந்தன் தம்பி. அவருக்கு நன்றி. இப்ப அவர் மொழிபெயர்த்ததும் நல்ல தமிழ். ஆனால் வந்தவர் சொன்னது அது இல்லை."

குசினிப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"இவர் லண்டனுக்குப் படிக்கப் போகேல்ல. அகதியெண்டு போனவர். அவங்கள் விலங்கு போட்டுத் திருப்பி அனுப்பினவங்கள். அனுப்பின மந்திரி இந்தா இருக்கிறார். அனுப்பினது நான்தான், பேப்பரைப் பார்க்காமல் அனுப்பினனான் எண்டு அவரே இப்ப இதில நிண்டு சொன்னவர். கொழும்பில இறங்கினவுடன பிடிச்சுக்கொண்டு போய் அடிச்சவங்கள். இவருக்கு ஒரு காது கேக்காதெண்டு உங்களில கனபேருக்குத் தெரியும். அது கூகைக்கட்டு இல்லை. நாங்கள் பொய் சொன்னனாங்கள். அவ்வளவுதான்."

அவள் யோசித்தாள். வேறு என்ன சொல்லவேண்டும் என்று நினைவு வரவில்லை.

"சோறு ஆறுது. எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகவேணும்."

மைக்கைப் பிரஷாந்தனிடம் கொடுத்தாள். அவன் அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஒருவரும் எழும்பவில்லை. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் சிறிதரனின் படத்தைப் பார்த்தார்கள். அது குடிவரவுத் திணைக்களத்துக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. அதில் அவர் எதையோ கேட்க முயல்வதுபோல் வலப்பக்கத்தைச் சற்று முன்னால் கொடுத்திருந்தார். முப்பது வருடப் படங்களிலும் அப்படித்தான் இருப்பார். அதை வடிவுக்குச் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கடைசியில் முன்வரிசையிலிருந்து சிவமணி எழும்பினார். எண்பது தாண்டியவர். இரண்டு மகன்மாரை ஊரில் பறிகொடுத்தவர். அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு கோல்பேர்னை நோக்கி வருவதைப் பார்த்து இரண்டு இளைஞர் பின்னால் எழும்பினார்கள். சிவமணி கோல்பேர்னுக்கு முன்னால் வந்து நின்றார். ஊன்றுகோலும் ஊன்றுகோலும் முட்டின.

"கம்" என்றார் சிவமணி. "ஈற்."

கதிரைகள் நகரும் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. வரிசை குசினிப் பக்கம் நீண்டது. பெண்கள் சிலர் வந்து மிருணாளினியின் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி மட்டும், "என்ர மனுசனும் ஜேர்மனியில படிக்கேல்ல" என்று காதுக்குள் சொல்லிவிட்டு வடை எடுக்கப் போனாள்.

கோல்பேர்ன் தர்ஷனாவிடம் கேட்டார்: "உங்கள் அம்மா என்ன சொன்னார்?"

"நீங்கள் சொன்னதைத்தான்" என்றாள் தர்ஷனா ஆங்கிலத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கும் ஒரு தட்டு எடுத்து வரப் போனாள்.

நீண்ட மேசையின் ஓரத்தில் இரண்டு கதிரை வெறுமையாக இருந்தது. கோல்பேர்ன் அவற்றுக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"நான் எந்தப் பக்கம் இருக்கட்டும்?"

"எந்தப் பக்கமும் இருக்கலாம்" என்றாள் மிருணாளினி. "எனக்கு இரண்டும் கேட்கும்."

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. அவர் கரண்டியால் சாப்பிட்டார், அவள் கையால். பேச்சில்லாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை. பாதிச் சோற்றில், தொண்டையைச் செருமி, கால்வாயில் மேட்டுக்குப் படகு ஏற்றுவதைப் பற்றித் தொடங்கினார். ஒரு கதவை மூடித் தண்ணீரை நிரப்பவேண்டும், படகு தானாக உயரும், பிறகு மறு கதவைத் திறக்கவேண்டும். இதைச் சரியாக விளங்கிக்கொள்ளாத ஒரு நிதி மந்திரியைப் பற்றி ஒரு கதை சொன்னார். சொல்லி முடித்துச் சிரித்தார்.

மிருணாளினி சிரிக்கவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். "எனக்கு விளங்கவில்லை."

கோல்பேர்ன் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு வருடத்தில் அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. சில்வர் டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்து, இதுதான் படகு என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினார்.